பெண் பார்க்க வந்தவர்களுக்கு ஊரைக் காட்டிய நாள்

வெளியூரிலிருந்து யார் வந்தாலும் காஞ்சிபுரத்தைச் சுற்றிக் காட்டும் வேலை எங்கள் வீட்டில் என்னுடையது. அறுபதுகளின் நடுவில் அதற்காக ஓர் அட்டவணையே தயாரித்து, நல்ல காகிதத்தில் நாலைந்து பிரதி எழுதி வைத்திருந்தேன். எந்தக் கோயில் எத்தனை மணிக்கு மூடும், எந்த மண்டபத்தில் எந்த நேரத்து வெயில் நன்றாக விழும், குதிரை வண்டி எங்கே நிற்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். தபாலாபீசில் குமாஸ்தா வேலை. பார்சலுக்கும் முத்திரைக்கும் நடுவே கிடைத்த நேரத்தில் கல்வெட்டுகளைப் பற்றிய புத்தகங்களைப் படித்தேன். படித்ததையெல்லாம் வந்தவர்கள் தலையில் கொட்டினேன் என்று என் தங்கை சொல்வாள்.

அந்த அட்டவணையைக் கடைசியாக முழுதும் பின்பற்றியது 1969 ஆவணி அமாவாசை அன்று. வியாழக்கிழமை. வந்தவர்கள் இரண்டு பேர்: திருச்சிப் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்தவரும் அவர் மனைவியும். அவர்களுடைய ஒரே மகனுக்கு என் தங்கையைப் பார்க்க வந்தார்கள். பையனுக்கு வடக்கே பிலாய் உருக்காலையில் வேலை. ஐப்பசியில் கல்யாணம், உடனே அவனோடு பிலாய்க்குப் போய்விட வேண்டும் என்று பேச்சு.

பையன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பெண் பட்டதாரியாக இருக்க வேண்டும். நடுவில் நின்று பேசிய எங்கள் மாமா, பெண் பி.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டாள் என்று சொல்லிவிட்டார். உண்மையில் அவள் மூன்றாம் வருஷத்தில் இருந்தாள். பரீட்சை அடுத்த ஏப்ரலில். எட்டு மாதம்தானே, அதெல்லாம் ஒரு வித்தியாசமா என்று மாமா கேட்டார். அம்மாவும் தலையாட்டினாள். அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. இப்படி ஓர் இடம் மறுபடி வராது என்ற பயம் அவளுக்கு.

அன்று விடியற்காலை நான் பேனாவையும் நோட்டையும் எடுத்துக்கொண்டிருந்தபோது தங்கை வந்து கதவருகில் நின்றாள். கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. பரீட்சை எழுதிவிட்டுப் போகிறேன், அதை அவர்களிடம் சொல்லு என்றாள். அம்மா சொல்லக்கூடாது என்றிருக்கிறாளே என்றேன்.

"கைலாசநாதர் கோயில்ல அரை மணி நேரம் பேசுவ. ஆயிரம் வருஷத்துக்கு முன்ன எவன் எவனோ இங்க வந்து படிச்சத சொல்லுவ. அதுல ஒரு நிமிஷம் எனக்குக் குடுண்ணா."

சரி என்றேன். எந்த இடத்தில் சொல்வது என்று அட்டவணையில் குறிப்பதற்கு இடமில்லை.

சைதாப்பேட்டையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த அவர்கள் முதல் பஸ்ஸில் புறப்பட்டு வந்தார்கள். 7.40 என்று எழுதி வைத்திருந்தேன், பஸ் 7.55க்கு வந்தது. தலைமையாசிரியர் பருத்த மனிதர், கையில் குடை. அவர் மனைவி ஒல்லியாக, மூக்குக் கண்ணாடியோடு, கணவர் பேசும்போது வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருப்பவராக இருந்தார். ராகுகாலம் ஒன்றரையிலிருந்து மூன்று. அது கழிந்து நாலு மணிக்குப் பெண்ணைப் பார்ப்பது என்று ஏற்பாடு. அதுவரை ஊர் என் பொறுப்பு.

கைலாசநாதர் கோயில் அப்போது ஊருக்கு மேற்கே வயல்களுக்கு நடுவில் தனியாக நின்றது. காலை எட்டரைக்கு அதன் சுற்றுச் சுவரில் உள்ள சின்னச் சின்ன அறைகளில் வெயில் ஒவ்வொன்றாக நுழையும். மழையும் காற்றும் தின்ற மணற்கல் சிங்கங்கள் அந்த வெளிச்சத்தில் கொஞ்சம் உயிர் பெறும். வேறு ஆளே இருக்க மாட்டார்கள். புல் வெட்டுகிற ஒருவர், இரண்டு ஆடு. இன்றைக்கும் அந்தக் கோயிலை நினைத்தால் கல்லுக்கு முன்னால் அந்தப் புல் வாசனைதான் வருகிறது.

அங்கேதான் வழக்கமாகக் கடிகையைப் பற்றிச் சொல்வேன். கடிகை என்பது காஞ்சியில் இருந்த பழைய கல்விச்சாலை. எங்கெங்கிருந்தோ மாணவர்கள் வந்து படித்த இடம். ஊரில் எந்த இடத்தில் இருந்தது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. வடமேற்கே இருந்து படிக்க வந்த ஓர் இளைஞர், இங்கே குதிரைக்காரன் ஒருவனோடு தகராறு செய்து, படிப்பை அப்படியே விட்டுவிட்டுப் போய் அரசரானார் என்று கன்னட தேசத்துக் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. தலைமையாசிரியருக்கு அது பிடித்துவிட்டது. பாதியில் நிறுத்தினாலும் அரசனாகலாம் என்று ஆகிறது, என் பையன்களிடம் சொல்லிவிடாதீர்கள் என்று சிரித்தார். தங்கை விஷயத்தைச் சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. நான் சுவரோவியங்களின் பக்கம் நடந்தேன்.

கருவறையைச் சுற்றிவர ஒரு குறுகலான வழி உண்டு. தவழ்ந்து நுழைந்து தவழ்ந்து வெளியே வந்தால் மறுபிறவி இல்லை என்பார்கள். தலைமையாசிரியர் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு நுழைந்தார். வெளியே வரும்போது இடுப்பு மாட்டிக்கொண்டு, ஒரு கையை நானும் ஒரு கையைக் குருக்களும் பிடித்து இழுக்கவேண்டியிருந்தது. அவர் மனைவி வர மறுத்துவிட்டார்.

"எனக்கு இன்னொரு தடவ பொறக்கணும்னு இருக்குங்க," என்றார் குருக்களிடம்.

அங்கிருந்து குதிரை வண்டியில் காமாட்சியம்மன் கோயில். பிறகு ஊரின் இன்னொரு கோடியில் சின்ன காஞ்சிபுரம். அந்த நாளில் இரண்டு காஞ்சிக்கும் நடுவே வண்டி போகிற வழியெல்லாம் புளிய மரமும் நிழலும். அந்த நிழலிலும் சொல்லவில்லை. வரதராஜர் கோயிலில் நூற்றுக்கால் மண்டபத்தின் கல் சங்கிலியைக் காட்டினேன். உத்தரத்தில் இருந்த பல்லியைத் தொட்டுக் கும்பிட்டார்கள். மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் கோயில் இட்லியை மந்தாரை இலையில் வாங்கிக் குளத்துப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த அம்மாள் இட்லியை எப்படி வேகவைக்கிறார்கள் என்று கேட்டார். மூங்கில் குடலையைப் பற்றிக் கால்மணி நேரம் விளக்கினேன். தங்கைக்கு வேண்டியது ஒரு நிமிஷம்.

பன்னிரண்டரைக்கு நடை சாத்தினார்கள். நாலு மணி வரை ஊரில் எந்தக் கோயிலும் திறக்காது. சம்பந்தம் உறுதியாகாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள் என்பதால் சாப்பாடு ஹோட்டலில். அதன் பிறகுதான் என் அட்டவணையின் பெருமை: வெளியூர்க்காரர்கள் விழிக்கிற அந்த வெற்று நேரத்தில் நான் பிள்ளையார்பாளையத்துக்குக் கூட்டிப்போவேன். தபாலாபீசில் பழக்கமான நெசவாளர் ஒருவர் வீடு அங்கே இருந்தது. தெருவில் நுழையும்போதே வீட்டுக்கு வீடு தறி ஓடும் சத்தம் கேட்கும். பேசுகிறவர்கள் குரலை உயர்த்திப் பேச வேண்டும். வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள்.

அன்று தெருவில் நுழைந்தோம். எங்கள் செருப்புச் சத்தம் எங்களுக்கே கேட்டது. சாயம் நனைத்த பட்டு காயும் கழிகளெல்லாம் வெறுமையாக இருந்தன. ஆண்கள் தலைக்குக் குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வீட்டு வாசல்களில் நின்றார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அமாவாசையன்று தறி ஓடாது. மாதத்துக்கு ஒரு நாள் அவர்களுக்கு ஓய்வு. இது பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். அமாவாசை நல்ல நாள் என்று பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் சொன்னவனும் நானே. இரண்டும் ஒரே மண்டைக்குள் இருந்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.

நெசவாளர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "இன்னிக்கு அமாவாசபா. தறி எங்க ஓடும்? இந்த ஊர்லயே பொறந்துட்டு இது தெரியாம கூட்டிக்கினு வந்துட்டியே."

"ஊருக்கெல்லாம் தேதி சொல்ற ஆளு," என்றார் அவர் மனைவி உள்ளேயிருந்து. "அவுங்க வூட்டு காலண்டர யாரோ கிழிச்சிட்டாங்க போல இருக்குது."

மணி ஒன்றே முக்கால். ராகுகாலம் தொடங்கிவிட்டது. மூன்று மணிக்கு முன்னால் எங்கள் வீட்டுப் பக்கம் போகக்கூடாது. தெருவில் வெயில். உள்ளே பாய் விரித்தார்கள், உட்கார்ந்தோம். தறிக்குப் பொட்டு வைத்து, சாம்பிராணி காட்டி, நெய்த வரைக்கும் துணி போட்டு மூடியிருந்தார்கள். தலைமையாசிரியரின் மனைவி கேட்டதற்காக நெசவாளர் மூடியிருந்த துணியைக் கொஞ்சம் விலக்கினார். அரக்கு உடல், பச்சைக் கரை. எல்லோரும் பார்த்தோம். மறுபடி மூடினார். மோர் வந்தது, குடித்தோம். தலைமையாசிரியர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. எங்கள் ஊரில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு அமைதியான ஓர் அறையில் நான் உட்கார்ந்ததில்லை.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"உங்க தங்கச்சி எந்த வருஷம்ங்க பாஸ் பண்ணினாங்க?"

அறுபத்தொன்பது என்று சொல்லியிருக்கலாம். ஏப்ரலில் பரீட்சை, ஜூனில் முடிவு. யாரும் சரிபார்க்கப் போவதில்லை. சொல்ல வாயைத் திறந்தேன். எந்த அரசன் எந்த வருஷம் பட்டத்துக்கு வந்தான் என்பதில் இரண்டு வருஷம் வித்தியாசம் இருந்தாலே தூக்கம் வராதவன் நான். நல்லவன் என்பதால் சொல்லவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த எண் நாக்கில் வர மறுத்தது, அவ்வளவுதான்.

"இன்னும் முடிக்கலம்மா. அடுத்த ஏப்ரல்ல பரீட்சை. எழுதிட்டு வரேன்னு சொல்லுது."

தலைமையாசிரியர் தூங்கியிருக்கவில்லை.

"காலையிலேர்ந்து ஆயிரத்தைந்நூறு வருஷத்துச் சங்கதியெல்லாம் சொன்னீங்க தம்பி," என்றார். "இந்த வருஷத்துச் சங்கதிய இப்பத்தான் சொல்றீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. மகனுக்கு லீவு ஐப்பசியில் மட்டுந்தான், பொய்யில் ஆரம்பிக்கிற சம்பந்தம் தனக்குச் சரிப்படாது என்று மெல்லச் சொன்னார். மாமா செய்த தவறு, அம்மாவின் பயம், தங்கையின் ஆசை எல்லாவற்றையும் நான் வரிசை தப்பாமல் சொன்னேன். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தார். இப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று தலைமையாசிரியர் கேட்க, மனைவி வேண்டாம் என்றார். நாலு மணிக்கு வருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம், ஒரு பெண் பிள்ளையை உடுத்தி உட்காரவைத்துவிட்டுப் போகாமல் இருக்கக் கூடாது.

போனார்கள். அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. தங்கை அம்மாவின் கல்யாணப் புடவையில் வந்து காபி கொடுத்தாள். அந்த அம்மாள் அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, எந்தப் பேப்பர் கஷ்டம் என்று கேட்டார். தங்கை நிமிர்ந்து என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, திரும்பி, இயக்கவியல் என்றாள். அப்புறம் இரண்டு பேரும் கல்லூரியில் எத்தனை பெண்கள், புத்தகம் கிடைக்கிறதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா இடையில் புகுந்து சமாளித்துப் பேசினார், யாரும் கவனிக்கவில்லை. ஐந்தே கால்வரை இருந்தார்கள். கலந்து பேசிக் கடிதம் எழுதுகிறோம் என்று எழுந்தார்கள்.

பெண் பிடித்திருந்தால் மாப்பிள்ளையின் தாய் தன் கையால் பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டுப் போவது வழக்கம். பூ வைக்கவில்லை.

பஸ் நிலையத்தில் தலைமையாசிரியர் ஜன்னலோரத்தில் போய் உட்கார்ந்து குடையைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டார். படியில் ஏறப்போன அந்த அம்மாள் திரும்பி, பையிலிருந்து ஈர வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். மல்லிகை வாசனை வந்தது.

"தங்கச்சிகிட்ட குடுங்க. பரீட்சைய நல்லா எழுதச் சொல்லுங்க."

கடிதம் பத்து நாள் கழித்து வந்தது. ஏற்கெனவே பொருந்தியிருந்த ஜாதகம் பொருந்தவில்லை என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பொட்டலம் கைக்கு வந்த பிறகு கடிதத்துக்கு அவசியமே இருக்கவில்லை.

அன்று பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்தபோது மாமா போய்விட்டிருந்தார். அம்மா கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தங்கை இன்னும் பட்டுப் புடவையிலேயே இருந்தாள். பொட்டலத்தை நீட்டி, அந்த அம்மாள் சொன்னதைச் சொன்னேன். அவள் பிரித்துப் பார்த்தாள். நெருக்கமாகக் கட்டிய பூ, ஒரு முழத்துக்கு மேலேயே இருக்கும்.

"சொல்லிட்டியா?"

"தேதி கேட்டாங்க," என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாரைப் பல்லால் கடித்துப் பூவை இரண்டாக்கி, ஒரு துண்டைத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டு அம்மாவின் பின்னால் போய் மண்டியிட்டாள். அப்பா போன பிறகு அம்மா பூ வைத்ததில்லை. தங்கை அதை அவள் மடியில் வைத்தாள். அம்மா அதைத் தொடவும் இல்லை, தள்ளவும் இல்லை. விளக்கேற்றும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது.

கடைசியில் அந்தப் பூவை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்ச் சாமி படத்துக்குப் போட்டாள். திரும்பாமலே கேட்டாள்.

"நாளைக்கு காலேஜ் இருக்குதா?"

"இருக்குதும்மா."

"அப்ப அந்தப் பொடவைய அவுத்து மடிச்சி வெச்சிட்டு போயி படி."