மாத்திரைக்கு வந்த கோபம்

ஈஸ்டருக்கு எங்கள் கடற்கரை ஊரான இனயத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். மதியச் சாப்பாடு. குழம்பில் உப்பு குறைச்சல் என்று என் தம்பி ஜோசப் தட்டைத் தூக்கி எறிந்தான். அவன் மனைவி செலின் குனிந்ததால் தப்பித்தாள்.

ஜோசப்பா? கடலில் மீன்பிடிக்கிறவன், ஊரில் சண்டை என்றால் விலக்கிவிட ஓடுகிறவன். சில மாதங்களாகத்தான் இப்படி... எதற்கெடுத்தாலும் கத்தல், கையோங்கல்.

"ஆம்பள கோவம். பொறுத்துப் போ மக்கா" என்றார் அம்மா. செலினின் வீட்டிலோ, பெட்டியோடு வந்துவிடு என்றார்கள்.

அவள் இரண்டையும் கேட்கவில்லை. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் மருந்து ஆராய்ச்சி மாணவி அவள். எலிகளோடு வேலை. நாத்தனாரான என்னிடம் சொன்னாள்:

"மைனி, மூளையில செரட்டோனின்னு ஒண்ணு உண்டு. மருந்து குடுத்து அத கொறச்சா, சாதுவான எலியும் கூண்டுல விடுத புது எலிய கடிச்சுக் கொதறும். வேற மருந்து குடுத்தா அடங்கிரும். எலி அதே எலிதான்."

"அதுக்கும் ஜோசப்புக்கும் என்ன?"

"வலிப்புக்கு மாத்திரை மாத்தின பொறவுதான் இந்தக் கோவம். எலிக்கு நடக்கது மனுசனுக்கும் அப்பிடியே நடக்கும்னு சொல்லமாட்டேன். ஆனா டாக்டர்ட்ட கேக்கணும்லா?"

"நிறுத்திப் பாத்தா என்ன?"

"கடல்ல வச்சு வலிப்பு வந்தா ஆளே கிட்டாது மைனி. நாமளா நிறுத்தப்பிடாது."

மூவருமாக நாகர்கோவில் போனோம். "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டுவிட்டு, டாக்டர் அதே மாத்திரையை எழுதினார். செலின் எழுந்திருக்கவில்லை.

"இந்த மாத்திரைதான் பிரச்சினையான்னு கேக்கேன் சார்."

டாக்டர் பேனாவை வைத்தார். எப்போதிலிருந்து, எப்படி என்று விசாரித்தார். சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்றார். வேறு மாத்திரைக்குப் படிப்படியாக மாற்றினார்.

ஒருவனைக் கோபக்காரன் என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம் — இல்லையா? ஏன் கோபம் என்று கேட்பதற்குத்தான் செலின் மாதிரி பிடிவாதம் வேண்டியிருக்கிறது.

போன வாரம் மறுபடி போனேன். ஜோசப்பின் குரல் பழையபடி தணிந்திருந்தது. தயங்கித் தயங்கி மனைவியிடம் கேட்டான்.

"அப்ப அன்னைக்கு ஒனக்க மேல தட்ட எறிஞ்சது நானா, மாத்திரையா?"

செலின் மீனைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "மாத்திரையாத்தான் இருக்கும். ஆனா மன்னிப்பு கேக்க அதுக்கு வாயில்லல்லா?"

ஜோசப் கேட்டான். அம்மாவுக்கு முன்னால் வைத்தே.