வயிற்றில் கரையாத பூச்சு

பம்மலில் ஒரு மாத்திரைக் கம்பெனி. தயாரான மாத்திரைகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. எண்பதுகளின் கடைசி. பி.பார்ம் படித்த திமிர் இன்னும் இறங்காத வயது.

மழைக்காலம் வந்தால் எனக்கு எரிச்சலும் வந்துவிடும். ஈரக்காற்றில் பூச்சு காயாது. சுழலும் செம்புப் பாத்திரத்துக்குள் மாத்திரைகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்ளும். கோட்டிங் போடும் அண்ணா கையை உள்ளே விட்டுப் பிரித்துக்கொண்டே இருப்பார். அந்தப் பூச்சு அழகுக்கு இல்லை. மூட்டுவலி மருந்து வயிற்றிலேயே கரைந்தால் புண்ணாக்கிவிடும். குடலுக்குப் போன பிறகுதான் கரைய வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடு.

அதே மாத்திரையைத்தான் அப்பாவும் சாப்பிட்டார். பத்து நாளில் வயிறு எரிகிறது என்றார். பிறகு சோறே இறங்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த பேட்ச் மாத்திரைகளை மூன்று முறை அமிலத்தில் போட்டுப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் கல்லாட்டம் கிடந்தன. அப்படியும் மனசு ஒப்பவில்லை. சனிக்கிழமை நேராக கோட்டிங் ரூமுக்குப் போய் எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"என்ன பூச்சு போடறீங்க? எங்கப்பா வயிறு வெந்துபோச்சு!"

"இன்னா மேடம், நீங்களே டெஸ்ட் பண்ணி கையெழுத்து போட்டீங்கோ. இப்ப வந்து எம்மேல பாஞ்சுகினு கீறீங்க" என்றார் அண்ணா.

மறுநாள் காலை, தாம்பரத்தில் எங்கள் வீட்டுச் சமையலறை. அம்மா மாத்திரையைக் காகிதத்தில் மடித்து, டம்ளர் அடியால் நசுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தேன் பாட்டில்.

"என்னம்மா பண்றே?"

"அப்பாவுக்கு முழுசா முழுங்க வரலை. நீதானே சொன்னே, பொடிச்சு தேன்ல குழைச்சா சீக்கிரம் கேக்கும்னு."

சொல்லியிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஏதோ ஒரு காய்ச்சல் மாத்திரைக்கு, பெரிய மேதாவி மாதிரி. அம்மா அதை எல்லா மாத்திரைக்கும் சட்டமாக்கிவிட்டாள். திட்ட வாயெடுத்தேன். எந்த முகத்தோடு திட்டுவது?

திங்கட்கிழமை மன்னிப்புக் கேட்கத்தான் கோட்டிங் ரூமுக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாவே கேட்டுவிட்டார்.

"அப்பாக்கு இப்ப எப்பிடி கீது மேடம்? நேத்து பூரா அதே நெனப்பு. இன்னொரு கோட்டு குடுத்துப் பாக்கட்டுமா?"

"பரவாயில்லை அண்ணா" என்றேன். அம்மா பொடித்த கதையைச் சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க, மழையோடு மல்லுக்கட்டி, அவர் இன்னொரு கோட்டு கொடுத்தார். நானும் கையெழுத்துப் போட்டேன்.