எட்டுக்கால் சம்பந்தி

மூன்று வருடங்களுக்கு முன்பு, என் மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயத்தில் நடந்தது இது. நாங்கள் இருப்பது மலேசியாவில், கிள்ளானில். மாப்பிள்ளை வீடு மேருவில். காரில் ஏறினால் அரை மணி நேரம்கூட ஆகாது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மற்றது புரியும். நான் பொம்பாவில் இருக்கிறேன். தீயணைப்பு வேலைதான் என்றாலும், மழைக்காலம் வந்துவிட்டால் பாம்பு பிடிக்கச் சொல்லி வருகிற அழைப்புகளே அதிகம். கூரைக்குள் மலைப்பாம்பு, கழிவறைக்குள் மலைப்பாம்பு, கார் இன்ஜினுக்குள் நாகம் என்று எத்தனையோ பிடித்துச் சாக்கில் போட்டிருக்கிறேன். அதற்கெல்லாம் கை நடுங்கியதே இல்லை.

ஆனால் எட்டுக்கால் பூச்சி என்றால் எனக்குப் பாதி உயிர் போய்விடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. குளியலறைச் சுவரில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் என் மனைவி துடைப்பத்தோடு வரும்வரை நான் துண்டோடு வெளியே நிற்பேன். இந்த ரகசியம் எங்கள் வாசலைத் தாண்டாமல் இத்தனை வருடம் காப்பாற்றி வந்தேன்.

மகள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கண் கிளினிக்கில் வேலை செய்கிறாள். பையனை அவளாகவே விரும்பினாள். எங்களுக்கும் பிடித்துவிட்டது. நல்ல பையன், தொழிற்சாலையில் பரிசோதனைக் கூடத்தில் வேலை, அப்பா இல்லை, அம்மாவோடு இருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போனோம்.

அவன் அம்மா தேநீரும் உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த சூடான கறிபாப்பும் கொண்டுவந்து வைத்தார். ஒன்றை எடுத்துக் கடித்திருப்பேன். கூடத்தை ஒட்டிய அறையின் கதவு காற்றில் மெல்லத் திறந்துகொண்டது. உள்ளே வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். மீன் தொட்டி என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். முதல் பெட்டியில் என் உள்ளங்கை அகலத்துக்கு, உடம்பெல்லாம் ரோமமாக ஒன்று உட்கார்ந்திருந்தது. டரன்டுலா, எட்டுக்கால் பூச்சிகளிலேயே பெரிய ரகம்.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. காருக்குள் உட்கார்ந்து கதவைப் பூட்டிக்கொண்ட பிறகுதான் பார்த்தேன், காலில் செருப்பு இல்லை. கையில் பாதி கறிபாப் மட்டும் இருந்தது. உள்ளே அந்த அம்மா, “சாப்பாட்டுல ஏதும் கொறையா அக்கா? அண்ணே ஏன் கோவிச்சிக்கிட்டுப் போறாரு?” என்று கண்கலங்க, என் மனைவிக்கு வேறு வழியில்லை. உண்மையைச் சொல்லிவிட்டாள்.

என் பயமும், பையன் இவற்றை வளர்ப்பதும் மகளுக்கு முன்பே தெரியும். மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்திவைக்கச் சொல்லியிருக்கிறாள். வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்கும்போது, “கல்யாணத்துக்கப்புறம் எங்க வீட்டுக்கே வரமாட்டீங்களாப்பா?” என்று கேட்டாள். அது நெஞ்சில் தைத்தது.

மறுநாள் மாலை பையன் என் செருப்பை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தான். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“அங்கிள், நான் எல்லாத்தயும் கூட்டாளிங்ககிட்ட கொடுத்துர்றேன். பிரச்சினை இல்ல.”

“எத்தன வருஷமா வளக்குற தம்பி?”

“ஸ்கூல் படிக்கறப்பலேர்ந்து அங்கிள். நீங்க பார்த்தீங்களே, மொத பெட்டில உள்ளது, அதான் மொத மொத வாங்குனது. அப்ப நகம் அளவுக்குத்தான் இருந்துச்சு. அப்பா செத்த வருஷம்...” குனிந்து என் செருப்பைப் பையிலிருந்து எடுத்து ஜோடியாக வாசலில் வைத்தான்.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. “ஒண்ணும் கொடுக்க வேணாம். நான் பழகிக்கிறேன் லா” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

பாடம் மறுநாளே தொடங்கியது. தினமும் காலையில் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்புவான். ஆரம்பத்தில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பசியாறுவேன். கொஞ்ச நாளில் ஓரக்கண்ணால் பார்த்தேன். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் அளவுக்கு வந்தேன். அடுத்து, அது உரித்துப்போட்ட பழைய தோலை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தான். தோல் என்றுதான் பெயர், காலும் ரோமமுமாக அச்சு அசலாக அதுவேதான். “எத்தனை நாளைக்கு இந்த விருந்தாளி?” என்று மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் மேருவுக்குப் போக ஆரம்பித்தேன். முதல் வாரம் அந்த அறைக் கதவு சாத்தியிருக்க, கூடத்தில் உட்கார்ந்தேன். அடுத்த வாரம் கதவு திறந்திருந்தது. வாரா வாரம் நாற்காலியை உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவோம். நான் போதும் என்றால், “அவசரமில்ல அங்கிள்” என்று அங்கேயே நிறுத்திவிடுவான். “இன்னும் கொஞ்சம் அங்கிள்” என்று ஒருநாளும் சொன்னதில்லை. சில வாரம் பின்னால்கூட நகர்த்தியிருக்கிறோம்.

அவன் அம்மா வாசற்படியில் நின்று கறிபாப் தட்டை நீட்டுவார். “நீங்களும் உள்ள வாங்களேன்” என்றேன் ஒருமுறை.

“ஐயோ, நான் இத்தன வருஷமா அந்த ரூம்புக்குள்ள கால் வச்சதே இல்லண்ணே” என்றார். அன்று நான் சிரித்த சிரிப்பில் நாற்காலியை இன்னும் ஒரு முழம் முன்னால் போட்டுக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும். பையனும் மகளும் துணி எடுக்க பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தார்கள். ‘தனியாக உட்கார்ந்து பாருங்கள்’ என்று பையன் சொல்லியிருந்ததால் நான் மட்டும் மேருவுக்குப் போனேன். அறைக்குள் எட்டிப் பார்த்தால், முதல் பெட்டியில் அது மல்லாந்து கிடந்தது. கால்கள் மேலே பார்த்தபடி இருந்தன, அசைவே இல்லை.

உடனே போன் போட்டேன். “தம்பி, செத்துப்போச்சுப்பா!”

“சாகல அங்கிள். தோல் உரிக்குது. மல்லாந்து படுத்துத்தான் உரிக்கும். தொடாதீங்க, அப்படியே வுட்டுருங்க.”

பாம்பு சட்டை உரிப்பதைப் பார்த்திருக்கிறேன். இது எப்படி என்று கிட்டே போனேன். அப்போதுதான் மரப்பட்டைக்கு அடியிலிருந்து ஒரு வெட்டுக்கிளி வெளியே வந்து மீசையை ஆட்டியது. தீனிக்காகப் போட்டதில் ஒன்று ஒளிந்திருக்கிறது. சொன்னேன்.

“அங்கிள், இப்ப அதோட ஒடம்பு ரொம்ப மெத்துன்னு இருக்கும். அந்தப் பூச்சி கடிச்சா செத்துரும். நாங்க ஜாம்ல மாட்டிக்கிட்டோம்...” என்றான். எடுத்துவிடுங்கள் என்று மட்டும் அவன் சொல்லவே இல்லை.

திரும்பிப் பார்த்தேன். அவன் அம்மா வாசற்படியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பெட்டிக்குள் வெட்டுக்கிளி அந்த டரன்டுலாவின் பக்கத்துக்கே போய்விட்டது.

மேசையில் நீளமான இடுக்கி இருந்தது. போனை அந்த அம்மாவிடம் நீட்டி, “பிடிங்க” என்றேன். மூடியைத் திறந்தேன். கை அப்படி நடுங்கியது. ஆனால் மல்லாந்து கிடந்த அதைப் பார்க்கும்போது, பயத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் வந்தது. ஓடவும் முடியாமல், கடிக்கவும் முடியாமல் கிடக்கிற உயிர். இப்படிக் கிடப்பவர்களிடம் போவதுதானே இத்தனை வருடமாக என் வேலை? மூச்சைப் பிடித்துக்கொண்டு இடுக்கியை உள்ளே விட்டேன். முதல் தடவை தவறியது. இரண்டாவது தடவை மாட்டியது. வெளியே எடுத்த வேகத்தில் வெட்டுக்கிளி துள்ளி, நேராக அந்த அம்மாவின் தோளில் போய் உட்கார்ந்தது. அவர் போட்ட அலறலில் எதிர்வீட்டுச் சீனர் ஓடிவந்துவிட்டார். போனில் என் மகள், “அப்பா! அப்பா!” என்று கத்துகிறாள். நான் தரையில் உட்கார்ந்து, அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் திரும்பி வரும்வரை பெட்டியை விட்டு நான் நகரவில்லை. பழைய தோலிலிருந்து ஒவ்வொரு காலாக, கையுறையைக் கழற்றுவதுபோல அது உருவி எடுத்தது. வெளிறிய, ஈரமான புதுக் கால்கள். அழகாக இருந்தது என்று நான் சொன்னால் நம்புவீர்களா?

கல்யாணத்துக்கு முந்தைய வாரம், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை விரித்தேன். உயரத்திலிருந்து விழுந்தால் அதன் வயிறு கிழிந்துவிடுமாம், அதனால்தான் தரையில். அது ஒவ்வொரு காலாக ஊன்றி என் உள்ளங்கையில் ஏறியது. பஞ்சு அளவுக்குக்கூடக் கனமில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கை ஆடவில்லை. “இனிமே இதுவும் உங்களுக்குச் சம்பந்திதாண்ணே” என்று வாசற்படியிலிருந்து குரல் வந்தது.

பயம் முழுதாகப் போய்விட்டதா என்றால், இல்லை. குளியலறையில் திடீரென்று ஒன்றைப் பார்த்தால் இன்னும் திடுக்கிடுகிறேன். ஆனால் துடைப்பத்துக்குக் கத்துவதில்லை. ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து, தோட்டத்தில் விட்டுவிடுகிறேன். மகள் வீட்டுக்கு வாரா வாரம் போகிறேன்.

போன மாதம் காப்பாரில் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு. விரல் தடிமன்கூட இல்லாத, விஷமில்லாத பாம்பு. அந்த வீட்டு அக்கா சாப்பாட்டு மேசைமேல் ஏறி நின்று அழுதுகொண்டிருந்தார். முன்பெல்லாம் இப்படி யாரையாவது பார்த்தால், “இதுக்குப் போயா பயப்படுறீங்க?” என்று சிரிப்பேன். இப்போது, “நீங்க அங்கயே நில்லுங்கக்கா, ஒண்ணும் அவசரமில்ல” என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு வார்த்தை பயந்தவர்களுக்கு எவ்வளவு பெரிய தெம்பு என்பதை எத்தனையோ பயிற்சிக்குப் போயும் கற்காத நான், என் மருமகனிடம்தான் கற்றுக்கொண்டேன்.