ஹபீபா டீச்சர் வைத்த றப்பர் மூடி

சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஜனாஸா அறிவித்தலை, இறந்தவரின் செய்தியை, சொன்னது. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய சகோதரி, இன்னாருடைய மாமி என்று ஆண்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. நடுவில் ஒருமுறை மட்டும் ஹபீபா உம்மா என்றார்கள். அது எங்கள் விஞ்ஞான ஆசிரியை ஹபீபா டீச்சர்தான் என்று விளங்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. நெஞ்சுநோ வந்து தூக்கத்திலேயே மௌத்தாகிவிட்டார். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. அத்தனை ஆண்களின் பெயருக்கு இடமிருந்த அறிவித்தலில், இந்த ஊரார் கண்களுக்காக அந்தப் பெண் பட்ட பாட்டுக்கு ஒரு சொல் இருக்கவில்லை. என்னைப்போல் அவரோடு படிப்பித்தவர்களுக்கும் அவரிடம் ஏச்சு வாங்கியவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன்.

மாதம் பிறப்பதை அறியப் பிறை பார்ப்பதற்கென்று பள்ளிவாசலுக்கு இரண்டு கண்ணாலும் பார்க்கும் ஒரு தூரக்கண்ணாடி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வெளிநாட்டில் உழைத்த ஒரு தனவந்தர் வாங்கிக் கொடுத்தது. நமக்குக் கடல் கிழக்கே, பிறை தெரிவதோ மேற்கே. ஆகவே கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சொறிக்கல்முனைப் பக்கத்து வயல் வரம்பில் நின்றுதான் பார்க்க வேண்டும். போன முதல் நாளே முன்கண்ணாடிகளின் மூடிகளில் ஒன்று சேற்றில் விழுந்து போயிற்று. பார்த்தவர்கள் எல்லாரும் கண்ணுக்குச் சுறுமா மை இட்டிருந்தார்கள். அது கண் வைக்கும் கண்ணாடியில் அப்பி, கடைசியாகப் பார்த்தவருக்கு வானமே கரிப்பிடித்த சட்டிபோல் தெரிந்ததாம்.

அந்தச் சாமானைப் பாதுகாக்கும் பொறுப்பு டீச்சரின் மூத்த சகோதரர் ஜுனைதீன் காக்காவிடம் இருந்தது. பிறைக்குழுவில் அவரும் ஒருவர். இருவருடைய வீடும் ஒரே வளவுக்குள். டீச்சர் தன் தடித்த மூக்குக்கண்ணாடியோடு அதை எடுத்துப் பார்த்தபோது மிளகளவு வெளிச்சம்தான் தெரிந்தது. கண் வைக்கும் குழியின் விளிம்பு அவ்வளவு உயரம். அடுத்த நாள் பாடசாலைக்கு வந்தவர் கொதித்துக்கொண்டிருந்தார். "இதச் செஞ்சவனுட ஊருல கண்ணாடி போட்ட ஆக்களே இல்லையா?" என்று என்னிடம் கேட்டார், ஏதோ நான்தான் செய்து அனுப்பியதுபோல.

கல்முனை பஸாரில் சைக்கிள் டியூப் வாங்கி வந்து, அந்த விளிம்பைக் கழற்றிவிட்டு அதற்குப் பதிலாக றப்பர் வளையம் வெட்டத் தொடங்கினார். முதல் வளையம் இறுகிப்போய் இமை மயிரைப் பிடித்து இழுத்தது. அடுத்தது தொளதொளத்தது. இடைவேளைகளில் மூக்குக்கண்ணாடி போட்ட ஆசிரியர்களை எல்லாம் மறித்துப் பார்க்க வைத்தார். அதிபர்கூடத் தப்பவில்லை. கடைசியில் நல்லதாக ஒன்று அமைந்தது. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் அதைக் கீழே மடித்துவிடலாம். மற்றவர்கள் மேலே தூக்கிவிட்டால் பக்கவெளிச்சம் படாது, சுறுமாவும் ஒட்டாது.

முன்மூடிதான் அவருடைய பெரிய வேலை. பிறைக்குழுவினர் சூரியன் இறங்கும் இடத்தைத் தூரக்கண்ணாடியாலேயே குறிவைத்துவிட்டு, அதற்கு மேலே பிறையைத் தேடுவார்கள் என்று காக்கா சொல்லக் கேட்டு, கண் எரிந்துபோகுமே என்று டீச்சர் திடுக்கிட்டுப் போனார். தடித்த றப்பரில் இரண்டு மூடி வெட்டி, மேல்விளிம்பில் பொருத்தி, இரண்டையும் ஒரே நூலில் கட்டினார். நூலை இழுத்தால் திறக்கும், விட்டால் தானாக மூடிக்கொள்ளும். நூல் ஒருவர் கையில், தூரக்கண்ணாடி இன்னொருவர் கையில். பொழுது முழுக்கப் பட்ட பிறகுதான் நூல்காரர் இழுக்க வேண்டும். "அல்லாஹ் கண்ணுக்கு இமைய ஒட்டித்தான் தந்திருக்கான். கழட்டிச் சட்டைப் பைக்குள்ள போடச் சொல்லித் தரல்ல" என்றார். அந்தச் சாமானை அவரளவுக்கு யோசித்துப் பார்த்தவர் எவருமில்லை.

பிறகு தனவந்தர் ஊருக்கு வருவதாகச் செய்தி வந்தது. படம் பிடிக்கும்போது சைக்கிள் கடைச் சாமான்போல் இருந்தால் மரியாதையில்லை என்று பிறைக்குழுத் தலைவர் றப்பர் முழுவதையும் பிய்த்து எறிந்தார். கேள்விப்பட்ட டீச்சர் நேரே அவருடைய படலையடிக்குப் போய், தெருவுக்கே கேட்கும்படி ஏசினார். படம் பிடித்து முடிந்ததும் திருப்பிப் பூட்டுங்கள், பூட்டாமல் வயலுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று சொன்னார். பொம்புளையின் வாய்க்கு அளவில்லை என்று தலைவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த மாதப் பிறைக்கு மூடியில்லாமலே போனார்கள். சூரியனைக் குறிவைக்கும் வேலையைத் தலைவர் ஜுனைதீன் காக்காவிடம் கொடுத்தார். தங்கச்சி சொன்னது காதில் இருந்தும், சபையில் மறுக்கக் கூச்சப்பட்டுக் காக்கா இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அவருடைய வலது கண்ணின் நடுவில் கறுப்புப் பொட்டு விழுந்தது. அந்தக் கண்ணால் யாரைப் பார்த்தாலும் முகம் இருக்கும் இடத்தில் முகமில்லை. விழித்திரை எரிந்துவிட்டது, மருந்தில்லை என்றார்கள். அல்லாஹ்வின் நாட்டம் என்று ஆறுதல் சொல்ல வந்த தலைவரிடம் டீச்சர் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்: "நாட்டத்துல பழியப் போடாதீங்க. கழட்டினது உங்கட கை."

அதற்குப் பிறகு றப்பர் மூடி சத்தமில்லாமல் திரும்பி வந்தது. டீச்சரின் அளவு, டீச்சரின் நூல். ஆனால் தலைவரின் ஏற்பாடு என்று அறிவித்தார்கள். மூடியின் மேல் தனவந்தரின் பெயரை வெள்ளைப் பெயின்றால் எழுதினார்கள். "றப்பருல பெயின்ற் நிக்காது. அதுவும் தெரியாது இவங்களுக்கு" என்றார் டீச்சர். மாதம் திரும்புவதற்குள் உரிந்தது.

பாடசாலையில் அனுதாபக் கூட்டம் வைத்தோம். தலைவரும் வந்து பேசினார். மர்ஹூமா ஹபீபா அதிர்ந்து கதைக்காதவர், யார் மனமும் நோக நடக்காதவர், பிறைக்குழுவுக்கு வீட்டிலிருந்தே ஒத்தாசை செய்தவர் என்று அடுக்கினார். எழும்பி மறுக்க வாயெடுத்தேன். அதற்குள் முன்வரிசையில் ஜுனைதீன் காக்கா எழும்பிவிட்டார்.

"தலைவர் பிழையாச் சொல்றார். என்ட தங்கச்சி ஏசினவ. எல்லாருக்கும் கேக்க ஏசினவ. அதக் கேட்டு நடந்திருந்தா எனக்கு இந்தக் கண் இருந்திருக்கும்."

தலைவர் போய்த் தன் கதிரையில் உட்கார்ந்தார்.

டீச்சரின் மறுமைக்காக இறைவனிடம் துஆச் செய்கிறேன். இம்மையில் அவருக்காகச் சண்டையும் பிடிப்பேன். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அவருடைய ஏச்சு. அதை இனி ஒருவரும் மென்மையாக்கிச் சொல்ல விடமாட்டேன்.