வண்டிக்காரரின் முகம்

கல்யாணமான புதிதில், ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் என் மனைவி, "எங்கங்க?" என்பாள். "மாங்கா படிக்க" என்பேன். "மாங்காயப் போயி யாராவது படிப்பாங்களா?" என்று முதல் தடவை கேட்டாள். ஜப்பான்காரர்கள் வரைகிற படக்கதைக்கு அதுதான் பேர் என்று விளக்கினேன். நம்பினாளா தெரியாது, அப்புறம் கேட்கவில்லை.

அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் அப்போதுதான் ஒரு பிரவுசிங் சென்டர் வந்திருந்தது. நான் ரெட்டிபாளையத்தில் ஒரு சிமெண்ட் ஆலை ஆபீஸில் வேலையாக இருந்தேன். வாரம் பூராவும் சிமெண்ட் மூட்டைக் கணக்கு, ஞாயிறு மட்டும் ஜப்பான். யாரோ புண்ணியவான் இங்கிலீஷில் மாற்றி இண்டர்நெட்டில் போட்டிருப்பான். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டீயைக் குடித்துவிட்டு வரலாம். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்று தெரியாமல், ஆரம்பத்தில் நான் கேள்விக்கு முன்னால் பதிலைப் படித்துக் குழம்பிக்கொண்டிருந்தேன்.

நான் பித்துப் பிடித்துப் படித்த கதை ஒன்றுதான். தொலைந்துபோன அண்ணனைத் தேடி ஊர் ஊராக நூடுல்ஸ் வண்டி தள்ளிக்கொண்டு போகிற ஒருவனின் கதை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அதை அவளுக்குச் சொல்வேன். அவள் பெரம்பலூர் பக்கம் குன்னத்துக்காரி. அவள் அப்பா மூட்டையாக அனுப்பி வைத்த சின்ன வெங்காயத்தை உரித்துக்கொண்டே கேட்பாள். நூடுல்ஸ் என்றால் அவளுக்குப் பிடிபடவில்லை. குழம்பில் ஊறின இடியாப்பம் என்றேன், சரியாகிவிட்டது. ஜப்பான் பேர் வாயில் நுழையாததால் அவனுக்கு 'வண்டிக்காரரு' என்று அவளே பேர் வைத்தாள். அண்ணன் செருப்பு மட்டும் ஆற்றங்கரையில் கிடைத்த கட்டத்தில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயத்துக்கும் பங்கு இருக்கலாம். நான் முழுப் பெருமையையும் எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பக்கங்களை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அவளுக்கு வண்டிக்காரர் என்றால் என் வாயிலிருந்து வந்தவர்தான். ஒருநாள் குளித்துவிட்டுத் துண்டைத் தலையில் முறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். அவன் அப்படித்தான் கட்டுவான் என்று சொல்லியிருந்தேன். "வண்டிக்காரரு வந்துட்டாரு, சோறு போடணும்" என்றாள். அன்றிலிருந்து, அவள் மனசில் அவனுக்கு என் முகம்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். இரண்டு நாள் துண்டை அவிழ்க்காமலே சாப்பிட்டேன்.

அப்படி நிம்மதியாக இருந்த சமயத்தில்தான் பிரவுசிங் சென்டர்காரர், "சார், உங்க மாங்கா படமா வந்துருக்கு. நெஜ ஆளுங்க நடிச்சது" என்று இரண்டு சிடிகளைக் கையில் கொடுத்தார். ஓட்டமாக ஓடி வந்தேன். கதவைச் சாத்தி, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, நானே போட்டுக் காட்டினேன். யாரைக் குறை சொல்ல?

வந்தான் ஒருவன். மைதா மாவு நிறம். சலூனிலிருந்து நேராக எழுந்து வந்த தலை. ஊர் ஊராக வண்டி தள்ளுகிறவன் சட்டையில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. வண்டியும் அன்றைக்குத்தான் பெயிண்ட் அடித்தது. கெட்டுப்போன சூப்பை மழையில் கொட்டிவிட்டு அவன் வெறும் பானை முன்னால் உட்கார்ந்திருக்கிற கட்டத்தை நான் மூன்று ஞாயிறு இழுத்துச் சொல்லியிருந்தேன். இவர்கள் பின்னால் ஒரு வயலினைப் போட்டு நொடியில் முடித்துவிட்டார்கள். இதையெல்லாம் நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"செத்த சும்மா இருங்க" என்றாள் டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அவரு மூஞ்சியப் பாத்தாலே எல்லாம் தெரியுது."

சுருக்கென்றது. நான் தொண்டை வற்றச் சொன்னதை அவன் புருவத்தைத் தூக்கியே சொல்லிவிட்டுப் போகிறான். படம் முடிந்ததும், எப்படி என்று கேட்டேன். 'நல்லாதான் இருக்கு' என்று சொல்லியிருக்கலாம். "நல்லாதான் இருக்காரு" என்றாள்.

பொறாமைதான், வேறு பேர் வைத்து மூடி மறைக்க மாட்டேன். தமிழ் தெரியாத, அரியலூர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத ஒருவன் மேல் வயிறு எரிந்தது. ஆபீஸில் கண்ணாடியைப் பார்த்தால் அவன் தலைமுடி ஞாபகம் வந்தது. அந்த இரண்டு சிடிகளையும் பீரோவின் அடித்தட்டில் துணிக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு படித்துவிட்டு வந்தும் வாய் திறக்கவில்லை. அவள் வெங்காய முறத்தை எடுத்து வந்து உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு வண்டிக்காரரு எந்த ஊர்ல இருக்காரு?"

"அதான் படத்துல பாத்துட்டியே. அழகா வேற இருந்தாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்கா ஒரு வாரமா மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தீங்க? அழகா இருந்து என்ன? எனக்கு அவரு ஒட்டவே இல்ல. நான் நெனச்சு வெச்சிருந்த வண்டிக்காரரு வேற."

எனக்கு உள்ளே குளிர்ந்துவிட்டது. இருந்தாலும் அவள் வாயால் கேட்க வேண்டும் என்று ஆசை. "எப்படி?"

"இன்னும் கொஞ்சம் கறுப்பு."

நான் கறுப்புதான். "அப்பறம்?"

"ஒல்லியா இருப்பாரு."

அப்போது நான் ஒல்லிதான். "அப்பறம்?"

"சிரிச்சா இந்தப் பக்கம் குழி விழும்" என்று, வெங்காயத் தோல் ஒட்டின விரலால் தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். காட்டிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

எனக்கு எந்தக் கன்னத்திலும் குழி விழாது. நான் சொன்ன கதையில் அந்த வண்டிக்காரன் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.

அப்படியென்றால் அது யாருடைய முகம்? ஜப்பான்காரன் மேலிருந்த ஆத்திரம் அந்த நிமிஷமே வடிந்துபோயிற்று. குன்னத்திலிருந்து பெரம்பலூர் காலேஜுக்கு மூன்று வருஷம் பஸ்ஸில் போய் வந்தவள் அவள். அந்த பஸ்ஸில் எவன் எந்த ஸ்டாப்பில் ஏறினான் என்று எனக்கு என்ன தெரியும்? ஞாயிறு தவறாமல் அவனைக் கூட்டிக்கொண்டு வந்து அவள் எதிரில் உட்கார வைத்தது நான்தான்.