கம்பெனி பஸ் வந்தால்தான் ஏரிக் கூட்டம்

கூழைக்கடா பார்க்கத்தான் போனேன். கவரைப்பேட்டைப் பக்கம் ஓர் ஏரியில் அவை கூட்டமாக இறங்குவதாக இந்த வலைப்பூவை வாசிக்கும் ஒருவர் எழுதியிருந்தார். மார்ச் மாதத்து சனிக்கிழமை. வீட்டில் ஒட்டடை அடிக்கும் திட்டம் ஒன்று உருவாகிக்கொண்டிருந்ததால் யோசிக்காமல் கிளம்பிவிட்டேன்.

சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் காலை 9.35க்குக் கும்மிடிப்பூண்டி ரயில். டிக்கெட் பத்து ரூபாய். ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், 10.50க்குக் கவரைப்பேட்டையில் இறங்கினேன். நிலையத்துக்கு வெளியே இட்லி, வடை நாற்பது ரூபாய். வடை நன்றாக இருந்தது, சட்னியைப் பற்றிப் பேச வேண்டாம். அங்கிருந்து சத்தியவேடு சாலையில் ஒன்பது கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய்.

ஆட்டோவில் எனக்கும் கதவுக் கம்பிக்கும் நடுவில் ஒரு புண்ணாக்கு மூட்டை. அதற்குச் சொந்தக்காரர் ஸ்டெல்லா, ஐம்பது வயதிருக்கும். அந்த ஏரியில் மீன் வளர்க்கும் மகளிர் குழுவின் தலைவி. நான் பறவை பார்க்க வந்திருப்பதைச் சொன்னதும் ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா சார், அந்தக் கூழைக்கடாவ பாக்கவா மெட்ராஸ்லேர்ந்து வந்தே? அது எங்க மீனத்தான் துன்னுக்கினு கீது. போம்போது நாலு புடிச்சிக்கினு போ!”

ஆட்டோ முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி?

கரையில் இறங்கியதும் நிலைமையை அவரே சொன்னார். ஊரில் ஏரிச் சங்கம் இருக்கிறது. வயல்காரர்களும் மீன் குழுப் பெண்களும் அதில் உறுப்பினர்கள். தண்ணீர் குறைந்துவிட்டால் மதகைத் திறப்பதா வேண்டாமா என்று சங்கம்தான் முடிவு செய்யும். அன்று பிற்பகல் அதற்காகவே கூட்டம். கடைமடையில், அதாவது கால்வாய் முடியும் இடத்தில், குணசேகரனுக்கு ஒரு ஏக்கர் நெல். கதிர் பால் பிடித்து நிற்கிறது. இன்னும் ஒரே ஒரு தண்ணீர் பாய்ந்தால் நெல், பாயாவிட்டால் பதர். திறந்துவிட்டாலோ ஏரி சேறாகி, பாதி வளர்ந்த மீன் செத்து மிதக்கும். போன வருடம் அப்படித்தான் ஆனது.

கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். “கம்பெனி பஸ் வந்தாதான்” என்றார். சங்கத்தில் பாதிப் பேர் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். காலை ஷிப்ட் முடித்துவிட்டு அவர்கள் பஸ் கரைமேல் வந்து நிற்கும்போது கூட்டம் தொடங்கும். சாலைக்கு ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் வயல். மதகைத் திறக்கச் சொல்பவர்கள் வயல் பக்கம் நிற்க வேண்டும், வேண்டாம் என்பவர்கள் ஏரி பக்கம். சங்கத் தலைவர் தலையை எண்ணுவார். ஐந்து நிமிட வேலை. நம் அபார்ட்மெண்ட் சங்கக் கூட்டங்களை நினைத்துப் பெருமூச்சு விட்டேன்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் தெரிந்தது. ஸ்டெல்லா நடுச் சாலையில் நின்று கையைக் காட்டினார். “இங்க நிறுத்தாத. ஊருக்குள்ள போய்த் திருப்பிக்கினு வா.”

“இன்னா பேஜாரு இது? ரோட்ட தாண்டுனா வெறும் பத்தடி சாமி!” என்று ஓட்டுநர் முணுமுணுத்துக்கொண்டே போனார். திரும்பி வந்து நின்றபோது பஸ்ஸின் கதவு ஏரி பக்கம் திறந்தது. தூக்கக் கண்ணோடு இறங்கியவர்கள் இறங்கிய இடத்திலேயே நின்றார்கள். தலைவர் எண்ணினார். ஏரி பக்கம் ஜெயித்தது. மீன் குழுப் பெண்கள் கை தட்டினார்கள்.

குணசேகரன் துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டு வயலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். ஸ்டெல்லா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“நில்லு குணா!” என்று கத்தினார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, “கதவ இந்தாண்ட வச்சேன், இந்தாண்டயே நின்னுட்டீங்க. போன வருசம் அந்தாண்ட தொறந்துச்சு, அந்தாண்ட நின்னு எங்க மீன சாவடிச்சீங்க. இது ஒரு ஓட்டா? எனுக்கு இப்டி ஜெயிக்க வாணாம். எல்லாம் டீ குடிங்க, அப்பறம் பேசலாம்.”

பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள்தான் முதலில் சிரித்தார்கள். இத்தனை வருடமாக ஏரியை ஆண்டது பஸ் கதவு! அந்தப் பெண்மணி மேல் எனக்கு வந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல.

டீ வந்தது. குணசேகரன் கதிரைக் கிள்ளிக் கொண்டுவந்து காட்டினார். ஸ்டெல்லா மீன் இன்னும் எவ்வளவு வளர வேண்டும் என்று கையை விரித்துக் காட்டினார். அப்போது ரவி என்ற வெல்டர், கம்பெனிச் சட்டையோடு, மெல்ல வாயைத் திறந்தார்.

“எதுக்கு மதக தொறக்கறது? என் வயலு அறுத்தாச்சு. போரு சும்மாதான் கீது. மோட்டார போட்டு கால்வாய்ல உட்டா குணாண்ணன் வயலுக்குப் போய்டும்.”

“இத்தினி நாளா ஏன்டா சொல்லல?” என்றார் தலைவர்.

“யாரு கேட்டீங்க? எறங்குனா எண்ணி ஊட்டுக்கு அனுப்பிட்றீங்க.”

தலைவர் டீ டம்ளருக்குள் பார்வையை இறக்கிக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்குக் குறிப்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோவேன். கரையில் நிழல் குறைவு. தொப்பியும் ஒரு லிட்டர் தண்ணீரும் அவசியம். பறவைகள் காலை எட்டு மணிக்குள் நிறையத் தெரியுமாம். நான் போன நேரத்தில் பதினோரு கூழைக்கடாதான். திரும்ப ஷேர் ஆட்டோ மாலை ஆறு வரை உண்டு. ஊத்துக்கோட்டை வழியாகத் திருவள்ளூர் போயும் ரயில் பிடிக்கலாம், சுற்று வழி. முக்கியமாக, கூட்டம் நடக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். ஓர் ஊர் தன் தண்ணீரைத் தானே பங்கு போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க எந்த டிக்கெட்டும் வேண்டாம். சட்டமும் சங்கமும் இருந்தால் மட்டும் போதாது, ஆளை உட்கார வைத்துக் கேட்கவும் வேண்டும் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

ரவி மோட்டாரைப் போட்டார். தண்ணீரோடு சேர்ந்தே நாங்களும் கால்வாய் ஓரமாக நடந்தோம். குணசேகரன் மட்டும் மண்வெட்டியோடு முன்னால் ஓடி, அடைப்புகளைத் தட்டிக்கொண்டே போனார். வயலுக்குள் முதல் தண்ணீர் நுழைந்தபோது, கணுக்கால் நனைய நின்று அங்கிருந்தே கத்தினார்.

“ஸ்டெல்லாக்கா! மீன் புடிச்சா எனுக்கு ஒண்ணு எடுத்து வையிக்கா!”

“நெல்ல அறுத்துக்கினு வா மொதல்ல” என்று இங்கிருந்து குரல் போனது. “வெறும் மீனயா துன்னுவே?”