அலமாரிக்குப் பின்னால் ஆறடி

அந்தத் தெருவில் யார் வீட்டில் தண்ணீர் நின்றாலும் முதலில் கூப்பிடுவது குழாய்க்காரரைத்தான். வயது ஐம்பத்தெட்டு. ஆள் முரடு, பேச்சு அதைவிட முரடு. ஆனால் எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது என்பது அவருக்கு அத்துப்படி.

கப்பலில் வந்து இறங்கியவர்கள் நூறு வருஷத்துக்கு முன்னால் கட்டிய தெரு அது. இன்று நாலு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பி, தெரு கிணற்றுக்குள் விழுந்த வாளி மாதிரி கிடக்கிறது.

அந்தக் காலத்தில் ஒரு வீட்டுக்கு எட்டுப் பேர்தான் என்று சட்டம். ஒன்பதாவதாக ஒரு தம்பியோ மச்சானோ வந்து நின்றால் என்ன செய்வது? பின்சுவருக்கு முன்னால் இன்னொரு சுவர் எழுப்பி, நடுவில் ஆறடிக்கு ஓர் அறையை ஒளித்தார்கள். அதற்கு வாசல் அலமாரிக்குப் பின்னால். அளவெடுக்க ஆள் வந்தால் தண்ணீர்க் குழாயில் மூன்று தட்டு. தெரு முழுக்கக் கேட்கும். மூன்று என்றால் மூச்சு விடாதே. ஒன்று என்றால் பயமில்லை, வெளியே வா. சட்டம் செத்து எத்தனையோ காலமாகிவிட்டது. பழக்கம் சாகவில்லை.

அன்று காலை மூன்று தட்டியவர் குழாய்க்காரரேதான். தோளில் பையும் கையில் பெரிய படத்தாளுமாகத் தெருமுனையில் ஒரு பெண் வருவதைப் பார்த்தார், தட்டிவிட்டார். தெருவைப் படம் வரைய நகராட்சி அனுப்பிய பெண் அவள்.

மத்தியானம் மூன்றரைக்கு அவர் வீட்டுக்கு வந்தாள். அளவு நாடாவின் ஒரு நுனியை அவர் கையிலேயே கொடுத்தாள். அலமாரிக்குப் பின்னால், முப்பது வருஷமாகக் குடியிருக்கும் அறையில், அவருடைய அக்கா தையல் மிஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு வாரமாக இருமல்.

“வெளியே நாப்பதடி இருந்துச்சு. உள்ளே முப்பத்துநாலுதான் வருது, ஐயா.”

“பழைய சுவரு. தடிமன் ஜாஸ்தி.”

“ஆறடியா? வீடு கட்டினாங்களா, கோட்டை கட்டினாங்களா?” அவள் தாளைத் திருப்பிக் காட்டினாள். “பின்சந்துல நின்னு வரைஞ்சேன். இதோ ஜன்னல். உள்ளே அந்த ஜன்னலைக் காணோமே?”

குழாய்க்காரர் அலமாரியை ஒட்டி நகர்ந்து நின்றார். “அது… அடைச்சாச்சு.”

“காலையிலேர்ந்து பதினோரு வீடு பாத்துட்டேன். பதினோரு வீட்லயும் இதே கோட்டை, இதே அடைச்ச ஜன்னல்.” பென்சிலைக் காதில் செருகினாள். “நோட்டீஸ் படிக்கலையா யாரும்? தெருவை இடிக்கப் போறதில்ல, பலப்படுத்தப் போறாங்க. இந்தப் படத்துல இருக்கற அறை அப்படியே நிக்கும். படத்துல இல்லாததுல கான்கிரீட் ஊத்தி நிரப்பிடுவாங்க. நாலு மணிக்கு நான் படத்தைக் குடுத்தாகணும்.”

நோட்டீஸை அவரும் பார்த்திருந்தார். முத்திரையைக் கண்டதும் படிக்கத் தோன்றவில்லை.

இப்படித்தான் அப்பா காலத்திலும் ஒருவன் தேனொழுகப் பேசினான். அதை நம்பிக் கதவைத் திறந்தார்கள். சித்தப்பாவை மறுகப்பலிலேயே ஏற்றி அனுப்பினான் பாவி. இவளை எப்படி நம்புவது? இதில் இன்னொன்றும் இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் அக்கா மட்டும் வரமாட்டாள். தெருவே திறந்துகொள்ளும். இவள் சொல்வது பொய்யென்றால் பன்னிரண்டு குடும்பத்தையும் காட்டிக்கொடுத்தவன் அவர்.

மணி மூன்றே முக்கால். அவள் நாடாவைச் சுருட்டத் தொடங்கினாள்.

சுவருக்குள்ளிருந்து ஓர் இருமல், வாயில் துணியை அடைத்த இருமல்.

அவள் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். நாடாவைச் சுருட்டுவதை நிறுத்தினாள்.

குழாய்க்காரர் இடுப்பிலிருந்த ஸ்பேனரை உருவினார். குழாயில் ஓங்கி ஒரே ஒரு தட்டு.

அலமாரி உள்ளிருந்து தள்ளப்பட்டு நகர்ந்தது. அக்கா புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “ஏண்டா, இவ்வளவு நேரமா? சமாதி கட்டுறாங்கன்னு அந்தப் பொண்ணு சொல்றா, நீ மரம் மாதிரி நிக்கற! இந்தாம்மா, ஜன்னலுக்கு மூணு கம்பிதான். நீ நாலு போட்டிருப்பே, பாரு.”

பக்கத்து வீட்டில் ஓர் அலமாரி தரையைக் கீறும் சத்தம். அதற்கடுத்து இன்னொன்று.

அந்தப் பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். காதிலிருந்து பென்சிலை எடுத்தாள்.

“நாடாவைப் பிடிங்க, ஐயா. சீக்கிரம்.”

பிடித்தார். நுனியை அக்காவின் அறைக்குள் கொண்டுபோய் ஜன்னலுக்கடியில் அழுத்தினார்.